நாலு குழல், ஒரு பாட்டு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து உலகத்துக்குப் போன சங்கீதம் எது என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ராமாநுஜர் பிறந்த ஊர், அதனால் பிரபந்தம் என்று சொன்னால் பாதி மார்க். மீதிப் பாதி நோக்கியாவுக்கு. 2006 முதல் 2014 வரை இங்கே ஓடிய அந்தத் தொழிற்சாலையிலிருந்து கோடிக்கணக்கில் செல்போன்கள் கிளம்பிப் போயின. கூடவே அந்த மெட்டும் போயிற்று. பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில், எழவு வீட்டில் என்று எங்கே அடித்தாலும் பத்து பேர் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட மெட்டு. அது ஸ்பெயின் நாட்டு கிதார்க்காரர் ஃப்ரான்சிஸ்கோ டாரெகா 1902-ல் எழுதிய ‘கிரான் வால்ஸ்’ என்ற துண்டின் நடுவிலிருந்து பிய்த்தது. கிதாரில் கேட்டால் கீழே பேஸ் நடக்கும், நடுவில் கார்டு அசையும், மேலே மெட்டு ஓடும். போனில் மெட்டு மட்டும்.

ஒரு வாத்தியத்துக்கோ குரலுக்கோ எழுதினதை இன்னொன்றுக்கு மாற்றி எழுதுவதைத்தான் அரேஞ்ச்மென்ட் என்கிறார்கள். எதை வைப்பது, எதை விடுவது, விட்ட இடத்தில் என்ன செய்வது என்கிற மூன்று கேள்விதான் அதில். போனுக்குள் இருந்தது ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர். அதனால் மெட்டை மட்டும் வைத்தது நியாயம். நாலு பேர் நாலு பித்தளைக் குழலோடு வந்து நின்றுகொண்டு அதையே செய்தால்?

போன டிசம்பரில் ஒரகடம் பக்கம் ஒரு சபையின் கேரல் ரவுண்ட்ஸோடு ஒரு ராத்திரி சுற்றினேன். வாடகைக் கட்டடத்தில் நடக்கிற சின்ன சபை. ஆட்கள் பெரும்பாலும் நெல்லை, தூத்துக்குடி, குமரியிலிருந்து கார் கம்பெனிக்கும் டயர் கம்பெனிக்கும் வேலைக்கு வந்தவர்கள். ஒரு மினி வேன், மேலே சீரியல் லைட், பின்னால் ஜெனரேட்டர், ஒரு ரிதம் பேட், ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா (பகலில் க்வாலிட்டி கன்ட்ரோல்). அதோடு நாலு பையன்கள்: இரண்டு ட்ரம்பெட், ஒரு ஸ்லைடு ட்ராம்போன், ஒரு யூஃபோனியம். ஊரில் கோயில் பேண்டில் வாசித்துவிட்டு, வேலை கிடைத்து வரும்போது பெட்டியோடு வாத்தியத்தையும் தூக்கி வந்தவர்கள்.

நாலு பேரும் நன்றாக வாசிப்பவர்கள். சுருதி சுத்தம். டிசம்பர்ப் பனியில் பித்தளை ஜில்லென்று ஆகிச் சுருதி இறங்கும், அதையும் சமாளித்தார்கள். ஆனால் வாசித்தது எல்லாம் ஒரே வரி. ட்ரம்பெட் மெட்டு, இன்னொரு ட்ரம்பெட் அதே மெட்டு, ட்ராம்போனும் யூஃபோனியமும் ஒரு ஸ்தாயி கீழே அதே மெட்டு. அதன் தலைமேல் பேடில் குத்து பீட். முதல் அஞ்சு வீட்டிலும் இதுதான். பாட்டு மாறுகிறது, சத்தம் மாறவில்லை. ‘சைலன்ட் நைட்’டைக்கூட அப்படியே அடித்தார்கள். அது 1818-ல் ஆஸ்திரியாவில் ஒரு சின்ன ஊர்க் கோயிலில் இரண்டு குரல், ஒரு கிதார், பின்னால் கொஞ்சம் கோரஸ் என்று ஆரம்பித்த பாட்டு. பாட்டின் பேரிலேயே அமைதி இருக்கிறது, பாவம்.

நான் படித்தது பி.காம். சங்கீதத்தையும் எனக்குப் பேரேட்டுக் கணக்காகத்தான் பார்க்கத் தெரியும். சர்ச்சில் பாடுகிற பாமாலைப் பாட்டு நாலு பத்தியில் எழுதின கணக்கு: சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். மேல்வரி மட்டும் பாட்டு, மற்றதெல்லாம் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். மெட்டு ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும்போது அதற்குக் கீழே பேஸ் ஒரு படி இறங்கினால், அதே ஸ்வரம் வேறு அர்த்தம் சொல்லும். பையன்கள் செய்தது, கூட்டுத்தொகையை மட்டும் எழுதிக்கொண்டு பேரேட்டைக் கிழித்துப் போட்ட மாதிரி. இத்தனைக்கும் இந்த வகைப் பாட்டுக்கு நாலு குழல் என்பது கைக்கு அளவெடுத்த கையுறை. நாலு வரி, நாலு ஆள்.

‘அப்படின்னா புஸ்தகத்தில் இருக்கிற நாலு வரியை நாலு பேருக்குப் பங்கு போட்டுக் கொடுத்தால் முடிந்ததா?’ என்று கேட்பீர்கள். முடியாது. அங்கேதான் வேலையே ஆரம்பிக்கிறது.

முதல் சிக்கல் மூச்சு. நாற்பது பேர் பாடுகிற காயரில் ஒருவர் மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் இழுத்துப் பிடிப்பார், கேட்கிறவருக்கு இடைவெளியே தெரியாது. வரிக்கு ஒரே ஆள் என்றால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் அந்த வரியே அறுந்து போகும். எங்கே அறுப்பது? வார்த்தையில் எங்கே கமா இருக்கிறதோ அங்கே. ஆகவே வாசிக்கிறவனுக்கு வார்த்தை மனப்பாடம் இருக்க வேண்டும். குழலிலிருந்து ஓர் எழுத்துகூட வரப்போவதில்லை. ஆனாலும் வார்த்தை தெரியாதவன் தப்பான இடத்தில் மூச்சு வாங்குவான். ‘அவர் வர மாட்டார் என்று’ அப்படீன்னு நிறுத்திவிட்டு, ‘சொல்லவில்லை’யை அடுத்த மூச்சில் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி.

இரண்டாவது சிக்கல் உதடு. ட்ரம்பெட்டில் ஊதுவது காற்று மட்டும் அல்ல, உதடு அதிர வேண்டும். அது தசை. அஞ்சு சரணம் இடைவெளி இல்லாமல் ஊதினால் அசந்துவிடும். காயருக்கு இந்தக் கவலை கிடையாது. எனவே ஒரு சரணம் நாலு பேரும், அடுத்தது இரண்டே பேர், அதற்கடுத்தது மெட்டை ட்ராம்போனிடம் கொடுத்துவிட்டு ட்ரம்பெட்டுக்கு ரெஸ்ட் என்று பிரித்து எழுத வேண்டும். ஓய்வுக்காகச் செய்கிற இந்த ஏற்பாடுதான் கேட்கிறவனுக்கு ரசனையாகப் போய்ச் சேர்கிறது.

மூன்றாவது, ஒரே ஸ்வரம் திரும்பத் திரும்ப வருவது. பாடும்போது ஒவ்வொரு அசைக்கும் வேறு எழுத்து இருப்பதால் உயிர் இருக்கும். குழலில் வெறுமனே ஊதினால் கன்டெய்னர் லாரி ஹார்ன். (ஒரகடத்தில் அந்தப் போட்டி வேறு.) நாக்கால் ‘து’ என்று வெட்டுவதா, ‘டு’ என்று தொட்டு விடுவதா என்று ஒவ்வொரு இடத்திலும் முடிவு பண்ண வேண்டும்.

அப்புறம் சுருதி. இன்றைக்கு சபைகளில் கிதாரும் கீபோர்டும்தான் ராஜா. கிதார்க்காரருக்கு டி, ஏ, ஈ என்றால் கை தானாகப் போகும். பி ஃப்ளாட் ட்ரம்பெட்காரர் எல்லாவற்றையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி வாசிப்பவர். ஏ மேஜர் பாட்டு அவர் காகிதத்தில் அஞ்சு ஷார்ப்போடு பி மேஜராக வந்து நிற்கும். பையன் தடுமாறுகிறான் என்போம். தடுமாற வைத்தது கிதார். ஈ ஃப்ளாட், பி ஃப்ளாட், எஃப் என்று மாற்றிக்கொள்ள யாராவது பத்து நிமிஷம் யோசித்தால் போதும்.

இதையெல்லாம் நான் கண்டுபிடிக்கவில்லை. முன்னூறு வருஷத்துக்கும் மேலாகத் தெருவில் நின்று ஊதினவர்கள் கண்டுபிடித்தது. ஜெர்மனியில் லைப்சிக் நகராட்சியில் காட்ஃப்ரீட் ரைஹே என்று ஒரு ட்ரம்பெட்காரர். டவுன்ஹால் கோபுரத்தில் ஏறி ஊருக்குக் கேட்க வாசிப்பது உத்தியோகம். 1696-ல் நாலு வாத்தியத்துக்கு 24 துண்டுகள் எழுதி அச்சிட்டார். மேலே ஒரு மரக்கொம்பு, கீழே மூன்று ட்ராம்போன். அதே நாலு வரி. பின்னால் அந்த ஊருக்கு பாக் வந்தபோது அவருக்கு முதல் ட்ரம்பெட் இவர்தான். 1734 அக்டோபரில் ராஜா வருகைக்கு பாக் எழுதின கச்சேரியில், தீவட்டிப் புகைக்கு நடுவே வாசித்துவிட்டு, மறுநாள் தெருவில் விழுந்து இறந்தார். உதடும் நுரையீரலும் சும்மா இல்லை என்று சொன்னேன் அல்லவா?

அதே பாக் 1736-37 வாக்கில் ஒன்று எழுதியிருக்கிறார், பட்டியலில் 118-ம் எண். காயரோடு கொம்புகளும் மூன்று ட்ராம்போனும். வயலின் இல்லை, ஆர்கன் இல்லை. ஏன் என்றால் வாசிக்க வேண்டிய இடம் தெரு. நல்லடக்கத்துக்குப் போகும்போது ஆர்கனைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பச்சையாகச் சொன்னால் சாவு பேண்டுக்கு பாக் எழுதின சங்கீதம். நம் ஊரில் அந்த வார்த்தையைச் சொல்லும்போது வாயைக் கோணிக்கொள்கிற ரசிகர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம். காயர் பாட்டின் ஒரு வரியைப் பாடி நிறுத்துகிறது, அந்த இடைவெளியில் பித்தளை பேசுகிறது, மறுபடி அடுத்த வரி. பாடுகிறவர்களுக்கு மூச்சு, அழுகிறவர்களுக்கும் மூச்சு. பிற்பாடு அவரே இதை வயலின்களுக்கும் மாற்றி எழுதினார். எனக்கென்னவோ தெருவுக்கு எழுதினதுதான் பிடித்திருக்கிறது.

நாலு பேர் பேண்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1878-ல் இங்கிலாந்தில் சால்ஸ்பரி என்ற ஊரில் சால்வேஷன் ஆர்மி, அதாவது நம் இரட்சணிய சேனை, தெருமுனைக் கூட்டம் போட்டால் ரௌடிகள் வந்து அடிப்பார்கள். சார்லஸ் ஃப்ரை என்ற கட்டட கான்ட்ராக்டர் மூன்று மகன்களோடு காவலுக்குப் போனார். போகும்போது இரண்டு கார்னெட், ஒரு ட்ராம்போன், ஒரு யூஃபோனியம் எடுத்துப் போனார்கள். பாடிகார்டாகப் போனவர்கள் பேண்டு ஆகிவிட்டார்கள். உலகமெங்கும் போன சேனை பேண்டுகளுக்கு ஆரம்பம் அந்தக் குடும்பம்தான். கார்னெட்டுக்குப் பதில் ட்ரம்பெட் போட்டால், ஒரகடத்தில் நான் பார்த்தது அதே செட்.

அதே காலத்தில் ஜெர்மனியில் யோஹன்னெஸ் கூலோ என்கிற பாதிரியார் இன்னும் ஒரு படி போனார். விவசாயிகளும் தொழிலாளிகளும் வாசிக்கிற கோயில் பேண்டுகளுக்காக நோட்டுப் புத்தகம் போட்டார். ட்ரம்பெட்டுக்கு ஏற்றி எழுதுவது, இறக்கி எழுதுவது எல்லாம் வேண்டாம், காயர் பார்க்கிற அதே பக்கத்தைப் பார்த்து எல்லோரும் வாசியுங்கள் என்றார். குழல் பாட வேண்டும், அலறக் கூடாது என்பது அவர் கட்சி. இன்றைக்கும் அங்கே அப்படி வாசிப்பவர்கள் லட்சம் பேருக்கு மேல். 2016-ல் நாட்டின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

சரி, நம் ஊர் ஏன் மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டது? காது இல்லாமலா? சேச்சே. அதே மார்கழியில், அதே சாலையில், ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் திருப்பாவை சேவிக்கும் கோஷ்டியைக் கேளுங்கள். பத்துப் பதினைந்து ஆண் குரல்கள், ஒரே வரி. ஒருவர் மூச்சு வாங்க மற்றவர் பிடிக்க, பாசுரம் அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும். பெருமாள் புறப்பாட்டில் பிரபந்த கோஷ்டி முன்னால் போகும், வேத கோஷ்டி பின்னால் வரும். நாகஸ்வரத்துக்கு வேறு வேலை. அது மல்லாரி வாசிக்கும், கம்பீர நாட்டையில். மல்லாரிக்கு வார்த்தையே கிடையாது. பார்த்தீர்களா? பாடுகிறவர்கள் பாட்டைக் குழல்காரர் இரவல் வாங்கவில்லை, அவருக்குச் சொந்தமாகவே சரக்கு இருக்கிறது. வெட்டவெளியில் ஊதுவதற்கென்றே அமைந்த சரக்கு.

மேல்நாட்டு மெட்டு வந்தபோதும் அதையே செய்தோம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சம்ஸ்கிருத வார்த்தை போட்டார். ‘நோட்டு’ என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அது. ‘சந்ததம் பாஹிமாம்’ என்பது இங்கிலாந்து ராஜாவுக்குப் பாடுகிற ‘காட் ஸேவ் த கிங்’ மெட்டு. அரசரை எடுத்துவிட்டு அம்பாளை உட்கார வைத்தார். பேண்டின் மேல்வரியை எடுத்துக்கொண்டார், கீழ்வரிகளை விட்டுவிட்டார். அது தெரிந்தே செய்த அரேஞ்ச்மென்ட். அவருக்குக் கீழ்வரி தேவைப்படவில்லை.

ஆகவே ஒரே வரி குற்றம் இல்லை. ஆனால் ஒரே வரி நிற்க வேண்டுமானால் அந்த வரியில் எல்லாம் இருக்க வேண்டும்: கமகம், அசைவு, வார்த்தையின் எடை. பாமாலைப் பாட்டின் மெட்டு அப்படிப்பட்டதல்ல. அது நாலில் ஒரு பங்கு. மற்ற மூன்றை வெட்டினால் வெறும் எலும்பு. அந்த எலும்பை மறைக்கத்தான் குத்து பீட் தேவைப்படுகிறது.

கீர்த்தனை என்றால் கதை தலைகீழ். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) வழியில் வந்த தமிழ்க் கீர்த்தனைகள் ராகத்தில் பிறந்தவை. அவற்றுக்கு கீபோர்டு மாஸ்டர் கார்டு போடும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். ஆனந்த பைரவியை மூன்று கார்டுக்குள் அடைத்தால் பைரவியும் போய்விடும், ஆனந்தமும் போய்விடும். அங்கே பித்தளை என்ன செய்யலாம்? பதில் நம்மிடமே இருக்கிறது. நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதிக்கொண்டு நிற்பாரே, ஸ்ருதிப்பெட்டி வந்து அவர் வேலையைப் பிடுங்கும் வரை, அதுதான். யூஃபோனியம் ஸட்ஜமத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். ட்ராம்போனுக்கு ஸ்லைடு இருக்கிறது, வால்வு கொடுக்காத வழுக்கலை அது கொடுக்கும், மெட்டு அதனிடம் போகட்டும். இப்படி யாராவது உட்கார்ந்து எழுதினால் நன்றாக இருக்கும். 2005-ல் இளையராஜா திருவாசகத்தையே புடாபெஸ்டுக்கு எடுத்துப்போய்ப் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார், அது பெரிய செலவு. நாலு பேருக்கு எழுத ஒரு பென்சில் போதும்.

அந்த ராத்திரிக்கு வருகிறேன். மணி பன்னிரண்டரை. ஆறாவது வீடு, மாடிப் படிக்கட்டுக்குக் கீழே ஒரே அறை. வீட்டுக்காரர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையாம். பேட்காரர் தானாகவே ஸ்விட்சை அணைத்தார், ஜெனரேட்டரையும் நிறுத்தினார்கள். அந்த அம்மா, “கிறிஸ்மஸ் பாட்டு வேண்டாம் தம்பிகளா, அவர் அடக்கத்துல பாடினதை வாசிங்க” என்றார்.

அவர் கேட்டது ‘அபைட் வித் மீ’. நீங்களும் கேட்டிருப்பீர்கள். டெல்லியில் ஜனவரி 29-ம் தேதி ராணுவ பேண்டுகள் கடைசியில் வாசிக்கும், தூரத்தில் மணி ஒலிக்கும். காந்திக்குப் பிடித்த பாட்டு. 2022-ல் அதை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஹென்றி லைட் என்ற பாதிரியார் 1847-ல், தான் சாகப்போகும் வருஷத்தில் முடித்த பாட்டு. இன்று எல்லோரும் பாடுகிற மெட்டு 1861-ல் வில்லியம் மாங்க் போட்டது. மெட்டு மொத்தமும் ஆறே ஸ்வரத்துக்குள் அடக்கம். புத்தகத்தில் வழக்கமாக ஈ ஃப்ளாட்டில் இருக்கும், பித்தளைக்குத் தோதான இடம்.

முதல் சரணம் வழக்கம்போல நாலு பேரும் மெட்டு. இரண்டாவதில் முதல் ட்ரம்பெட் பையனுக்கு உதடு விட்டுப் போயிற்று. ராத்திரி ஒன்பது மணியிலிருந்து ஊதுகிறான், எப்படித் தாங்கும்? குழலை இறக்கிவிட்டான். இரண்டாவது ட்ரம்பெட் தனியாக மெட்டைப் பிடித்தது, பயந்து பயந்து, சன்னமாக. யூஃபோனியம்காரர் என்ன நினைத்தாரோ, மெட்டை விட்டுவிட்டு, ஊரில் காயரில் பாடின பேஸ் வரியை எடுத்தார். ட்ராம்போன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு நடுவில் டெனரைத் தேடிக் கண்டுபிடித்தது. ஆல்ட்டோ இல்லாத மூன்று வரி. இரண்டு இடத்தில் ஸ்வரம் முட்டிக்கொண்டது. ஆனால் மெட்டு நின்ற இடத்தில் கீழே பேஸ் இறங்கியபோது அந்த அம்மா வார்த்தையைப் பாட ஆரம்பித்தார், மெல்ல, தமிழில். பையன்கள் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கினார்கள். பக்கத்து ரூம் கதவு திறந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த இரண்டு வடக்கத்திப் பையன்கள் சாப்பாட்டுத் தட்டோடு நின்று கேட்டார்கள்.

அன்றைக்குக் கேட்டதில் அது ஒன்றுதான் சங்கீதம். அதில் ஒரு குழல் குறைவு, ஒரு பேட் குறைவு, ஒரு ஜெனரேட்டர் குறைவு.

ஏழாவது வீட்டில் ஜெனரேட்டர் மறுபடி ஓடியது, பேடும் அடித்தது, நாலு பேரும் மெட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். வேனில் போகும்போது யூஃபோனியம் தம்பியிடம் கேட்டேன், பேஸ் தெரிந்திருக்கும்போது ஏன் எல்லா வீட்டிலும் வாசிக்கவில்லை என்று.

“தனித்தனியா வாசிக்கணும்னா பிராக்டீஸ் வேணும் சார். நாங்க நாலு பேரும் மூணு ஷிஃப்ட்ல இருக்கோம். சண்டே ஒரு மணி நேரம் கெடச்சா பெரிசு. மெட்டுன்னா எல்லாருக்கும் தெரியும், நேரா வந்து நின்னு ஊதிரலாம்.”

ட்ராம்போன் தம்பி சொன்னான்: “எங்கப்பா பேண்டுல பார்ட்ஸ் எல்லாம் எழுதின நோட்டு வெச்சிருந்தாங்க சார். ஊர்ல பரண்ல கெடக்கு.”

“போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லேன், வாட்ஸப்பில்.”

“அம்மாவுக்குப் பரண்ல ஏற முடியாது. ஈஸ்டருக்கு லீவு கெடச்சா நானே போய் எடுக்கணும்.”

லீவுக்கு மனு கொடுத்திருப்பதாகச் சொன்னான். சூப்பர்வைசர் இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம்.